வெள்ளைக் காலுறைக் காளை

கோடைக்கு உதகமண்டலத்துக்கோ கொடைக்கானலுக்கோ போகும் குடும்பங்களுக்கு இப்போதெல்லாம் எதிர்பாராத ஒரு தரிசனம் கிடைக்கிறது. தேயிலைச் சரிவிலோ, சில சமயம் கடைவீதியிலேயோ, கரிய குன்று ஒன்று சாவதானமாக நடந்து வருகிறது!

"அதோ, காட்டெருமை!" என்று குழந்தைகள் கூவுகிறார்கள். "பைஸன் என்று சொல்" எனத் திருத்துகிறார் அப்பா. இரண்டுமே சரியல்ல. எருமை வேறு இனம். பைஸன் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்வது. இதுவோ நம் வீட்டுப் பசுவுக்கு ஒன்றுவிட்ட உறவு. காட்டு மாடு என்பதே பொருத்தமான பெயர். சங்க நூல்களில் ‘ஆமா’ என்று வருவதும் இதுவே என்பார்கள்.

உலகில் இன்றுள்ள காட்டு மாடுகளில் இதுவே மிகப் பெரியது. நன்கு வளர்ந்த காளையின் தோள் உயரம் ஏறக்குறைய ஆறடி. ஆயிரம் கிலோ எடையுள்ளவையும் உண்டு. கழுத்திலிருந்து முதுகின் நடுப்பகுதிவரை ஒரு மேடு ஓடி, சட்டென்று இறங்கிவிடும். அது வெறும் கொழுப்பன்று. முதுகெலும்பின் நீண்ட முட்கள் தாங்கி நிற்கும் தசை. பளபளக்கும் கரிய உடம்பு, சாம்பல் நிற நெற்றி, நுனி கறுத்த கொம்புகள். முழங்காலுக்குக் கீழே மட்டும் பள்ளிக்கூடத்துப் பையன் போல வெள்ளைக் காலுறை!

மந்தையை நடத்திச் செல்வது பெரும்பாலும் வயதான பசு ஒன்று. பெரிய காளைகளோ பல மாதங்கள் தனியே திரியும். வீட்டு நிர்வாகம் யார் கையில் இருக்க வேண்டுமென்பது காட்டிலும் தெரிந்த விஷயந்தான்!

சுபாவத்தில் இது சாது. மனிதனைக் கண்டால் ஒதுங்கவே விரும்பும். ஆனால் அதன் பாஷை நமக்குப் புரிவதில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. இரு காளைகள் எதிர்ப்பட்டால் உடனே முட்டிக்கொள்வதில்லை. பக்கவாட்டில் திரும்பி, முதுகை உயர்த்தி, "என் ஆகிருதியைப் பார்த்தாயா?" என்பதுபோல் நிற்கும். சிறியது விலகிவிடும், சண்டை மிச்சம். மனிதர்முன் அப்படித் திரும்பி நின்றால், "படத்துக்கு வசதியாக நிற்கிறதே!" என்று செல்போனுடன் நெருங்குகிறோம். தலையை நிமிர்த்தி உற்றுப் பார்ப்பதும், மூக்கால் ‘புஸ்’ஸென்று சீறுவதும், தலையை ஆட்டுவதும் ‘போதும், நில்’ என்ற எச்சரிக்கைகளே. இவற்றை அறியாமல் அருகே போய்க் காயமுற்றவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. கன்றோடு நிற்கும் பசுவிடம் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும்.

இவை ஏன் ஊருக்குள் வருகின்றன? மலைகளின் புல்வெளிகள் பலவற்றில் தேயிலையும், தைலமரமும், சீகை மரமும் நிறைந்துவிட்டன. மேய்ச்சல் குறைந்த பிராணி, தோட்டத்துப் புல்லையும் தெருவோரம் கொட்டிய காய்கறிக் கழிவையும் தேடி வருகிறது.

நம் பக்கத்திலிருந்து அதற்குப் போன தீங்குகளும் உண்டு. 1968-ல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் பரவிய வெக்கை நோயால் காட்டு மாடுகள் ஏராளமாக மாண்டன. நாட்டு மாடுகளைத் தாக்கும் அதே நோய்தான் அது. 2011-ல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டது நல்ல காலம். வேட்டைக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது.

ஆகவே, மலைக்குப் போகும் சகோதரிகளே, எதிரே காட்டு மாடு வந்தால் ஓடாதீர்கள், கூச்சலிடாதீர்கள், கல்லெறியாதீர்கள், தின்பண்டம் நீட்டாதீர்கள். குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு, மெள்ளப் பின்வாங்கி, அது போகும் வழியை விட்டுவிடுங்கள். படம் தூரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் வரும்போது ஒதுங்கி வழிவிடுவது நமக்குப் புதிய பழக்கமா, என்ன?