விளக்கு போட்டதும் என்ன சொல்வது?

காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள், அவர்கள் வாய்மொழியில் ‘விஸ்காம்’ பிள்ளைகள், கடைசிப் பருவத்தில் ஒரு குறும்படம் எடுத்துத் தர வேண்டும். பெரும்பாலானவை கதைப் படங்கள்: காதல், அப்பா, கைபேசி, தற்கொலை. அவற்றைப் பற்றிப் பேச எல்லோருக்கும் வரும். திருப்பம் முன்பே தெரிந்துவிட்டது, அப்பாவாக நடித்தவர் மிகையாக நடிக்கிறார், வசனம் சரியாகக் கேட்கவில்லை என்று ஆளுக்கு ஒன்று சொல்லிவிடலாம். ஆனால் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் யாராவது ஒருவர் கதையே இல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு வருவார். தண்ணீரில் ஒளி, சுவரில் நிழல், யாருடையது என்று தெரியாத ஒரு கை. ஐந்தாறு நிமிடம். முடிந்து விளக்கு போட்டதும் அறையில் ஒரு சங்கடம் பரவும். நண்பர்கள் ‘வேற லெவல்’ என்பார்கள். ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “என்னம்மா சொல்ல வர்றே?” என்பார்.

அந்தக் கேள்வியோடு படம் காணாமல் போய்விடுகிறது. மாணவி உடனே பேசத் தொடங்குவார். “இது தனிமையைப் பத்தினது சார், அந்தத் தண்ணி வந்து மனசு…” அதன் பிறகு நடப்பதெல்லாம் அந்த விளக்கத்தின் மேல் நடக்கும் விவாதம்தான். தண்ணீர் மனசு என்று எப்படித் தெரியும், பார்வையாளனுக்குப் புரியுமா, இதைப் பின்னணிக் குரலில் சொல்லியிருக்கலாமே என்று பேச்சு நீளும். திரையில் ஓடியதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த தடவை அந்த மாணவி விளக்கத்தை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் படம் பிடிக்கப் போவார். நல்ல கண் உள்ள பிள்ளைகள் இப்படித்தான் கெடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு. இத்தகைய படத்தை எடுத்தவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, நாம் பார்த்ததையும் கேட்டதையும் வரிசையாக அவரிடம் திருப்பிச் சொல்வது. அர்த்தம், தரம், மதிப்பெண் எல்லாம் பிறகு. காரணம் எளியது. எடிட்டிங் மேசையில் அவர் அந்தப் படத்தை எண்ணற்ற முறை ஓட்டிப் பார்த்துவிட்டார். எந்த ஷாட் எங்கே வரும் என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது. அதை முதல் முறையாகப் பார்ப்பது இனி அவரால் ஆகாது. முதல் பார்வை நம்மிடம் மட்டுமே இருக்கிறது. அதை ‘நல்லா இருக்கு’, ‘புரியலை’ என்ற இரண்டு சொற்களில் செலவழித்துவிடுகிறோம்.

சொற்களே இல்லாத ராக ஆலாபனையைக் கேட்டுவிட்டு யாரும் ‘புரியவில்லை’ என்று எழுந்து போவதில்லை. சங்கீதம் படிக்காதவர்கூட, கோயில் திருவிழாவில் நாகஸ்வரக்காரர் மேலே போய் நின்று, எல்லோரையும் காக்க வைத்து, மெல்ல சட்ஜத்துக்கு இறங்கும் இடத்தை உணர்ந்து தலையசைக்கிறார். எங்கே இழுத்தார், எங்கே ஒரே பிடியைத் தேவைக்கு மேல் திருப்பித் திருப்பி வாசித்தார் என்று வீட்டுக்கு நடக்கும்போது பேசவும் செய்கிறார். அந்தப் பேச்சுதான் கருத்துச் சொல்வது. அதே காதுகளும் கண்களும் உள்ளவர்கள் திரைக்கு முன் உட்கார்ந்ததும் கதை கேட்டே தீர வேண்டும் என்று ஆகிவிடுகிறார்கள்.

உலகம் மதிக்கும் ஒரு படத்தை வைத்துப் பழகிப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஸ்டான் ப்ராக்கேஜ் 1963-ல் செய்த ‘மாத்லைட்’. நான்கு நிமிடம்கூட இல்லை. ஒலி இல்லை. கேமராவும் இல்லை. விளக்கில் விழுந்து செத்த விட்டில் பூச்சிகளின் இறக்கைகளையும் இலை, புல், இதழ்களையும் ஒட்டுநாடாவின் இரண்டு பட்டைகளுக்கு இடையில் வைத்து ஒட்டி, அதைப் படச்சுருளாக்கித் திரையிட்டார். இதை எடுத்தவர் உங்கள் மாணவர் என்றும், எப்படிச் செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். என்ன சொல்வீர்கள்?

நான் இப்படித் தொடங்குவேன்: “முதலில் பழுப்பாக ஏதோ ஓடியது. நரம்புகள் தெரிந்தன. இலையா இறக்கையா என்று தீர்மானிப்பதற்குள் போய்விட்டது. எதுவும் என்னிடம் நிற்கவில்லை. பின்னாலிருந்து வெளிச்சம் வருவதை உணர்ந்தேன். சற்று நேரம் கழித்து, இது என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு அதன் படபடப்பைப் பார்க்கத் தொடங்கினேன். அங்கேதான் எனக்குப் படம் தொடங்கியது.” இதில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. ஆனால் எடுத்தவருக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது: பார்வையாளர் எந்த இடத்தில் அடையாளம் தேடுவதைக் கைவிட்டார், எது அவரைப் பிடித்து வைத்தது, வேகம் என்ன செய்தது. செத்த பூச்சிகள் திரையில் மறுபடி படபடக்கின்றன என்ற பொருளை யாரும் விளக்காமலே இந்த வழியில் வந்து சேரலாம்.

இன்னொன்று, மாயா டெரனும் அலெக்சாண்டர் ஹாமிட்டும் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கள் வீட்டிலேயே எடுத்த ‘மெஷஸ் ஆஃப் த ஆஃப்டர்நூன்’. ஆண்டு 1943, பதினான்கு நிமிடம். ஒரு சாவி, ஒரு பூ, ஒரு கத்தி, மாடிப்படி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி உள்ள ஓர் உருவம். ஒரு பெண் அதே பாதையில் திரும்பத் திரும்ப வருகிறாள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. சாவி கத்தியாகிறது. ஓரிடத்தில் அவள் எடுத்து வைக்கும் அடிகள் கடற்கரை மணல், புல், நடைபாதை, வீட்டுக் கம்பளம் என்று தரை மாற்றி விழுகின்றன. கதையாகச் சொல்லப் போனால் கையில் எதுவும் சிக்காது. ஆனால் ‘அதே பாதை, சிறு மாற்றம்’ என்ற விதியை இரண்டாவது சுற்றிலேயே நம் கண் கற்றுக்கொண்டுவிடுகிறது. மூன்றாவது சுற்றில் நாம் பதற்றத்தோடு காத்திருக்கிறோம்.

அருவமான படத்தில் நான் தேடுவது இந்த விதியைத்தான். ஒவ்வொரு நல்ல படமும் தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று முதல் ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடும். ஆஸ்திரியாவின் பீட்டர் குபெல்கா 1960-ல் முடித்த ‘ஆர்னுல்ஃப் ரைனர்’ படத்தில் இருப்பது நான்கே பொருள்கள்: வெளிச்சம், இருட்டு, இரைச்சல், மௌனம். ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடுகிறது, ஒரு உருவம்கூட இல்லை. ஆனாலும் இதற்குள் எது வரும், எது வராது என்று உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. மாணவர் படங்களில் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். நிலைத்த, நீண்ட ஷாட்களாக இரண்டு நிமிடம் போகும். திடீரென்று ட்ரோனில் எடுத்த கடற்கரை ஒன்று வந்து விழும். ஏன் என்று கேட்டால், “நல்ல ஷாட் சார், விட மனசு வரலை” என்பார்கள். அதைக் கேட்டு வாங்கிவிட்டால் போதும். வெட்டு என்று நாம் சொல்ல வேண்டியதே இல்லை.

கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் உருவாக்கிய வழிமுறை பல கலைப் பள்ளிகளில் புழங்குகிறது. முதலில் பார்த்தவர்கள் தங்கள் மனத்தில் தங்கியதைச் சொல்கிறார்கள். அடுத்து, படைத்தவர் தன் சந்தேகங்களை அவர்களிடம் கேட்கிறார். அதற்கடுத்து பார்த்தவர்கள் உள்நோக்கம் இல்லாத கேள்விகளைக் கேட்கலாம். கடைசியாகத்தான் அபிப்பிராயம், அதுவும் படைத்தவரின் அனுமதியைக் கேட்டுவிட்டு. நம் வகுப்பறைகளுக்கு மிகவும் தேவைப்படுவது மூன்றாவது படி. “இந்த ஷாட் ஏன் இவ்வளவு நீளம்?” என்பது கேள்வி வேடத்தில் வரும் தீர்ப்பு. “இந்த ஷாட்டை எங்கே வெட்டுவது என்று எப்படி முடிவு பண்ணினே?” என்று கேட்டால் மாணவர் யோசிக்கத் தொடங்குவார். சில சமயம் அழகான பதில் வரும். சில சமயம் அவர் முடிவே செய்யவில்லை, பாட்டின் நீளத்துக்கு இழுத்துவிட்டார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரியும்.

பாட்டு என்றதும் ஒலிக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் தங்கித்தான் பேச வேண்டும். மாணவர்களின் பரிசோதனைப் படங்களில் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரே வகை இசை ஓடுகிறது: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஊமென்று ஒலித்துக்கொண்டே இருக்கும் ஒரு கார்வை. அதைப் போட்டால் எந்தக் காட்சியும் ஆழமாகத் தோன்றும். பலவீனமான வெட்டுகளை எல்லாம் அது போர்த்தி மூடிவிடும். அதனால் ரஃப் கட்டை, அதாவது இறுதியாகாத முதல் தொகுப்பை, பார்க்கும்போது இரண்டாம் முறை ஒலியை முழுதாக நிறுத்திவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். மூன்றாம் முறை திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்பேன்.

ஒரு மாணவியின் படம் நினைவில் இருக்கிறது. மொட்டை மாடிக் கொடியில் ஈரப் புடவை, சிமென்ட் தொட்டி நீரில் ஆடும் வெயில், பழைய கதவின் தாழ்ப்பாள், அதைத் தொட்டுவிட்டு விலகும் ஒரு கை. இவைதான் மாறி மாறி வந்தன. அடியில் அதே கார்வை.

“இசையை எடுத்துட்டுப் போடும்மா, பார்ப்போம்.”

“செத்த மாதிரி இருக்கும் சார்.”

“இருக்கட்டும். போடு.”

இசையை நீக்கியதும் படப்பிடிப்பின்போது கேமரா தானாகப் பதிந்த ஒலிகள் மேலே வந்தன. காற்றில் புடவை அடிக்கும் சத்தம், பக்கத்துத் தெருவில் யாரோ யாரையோ கூப்பிடும் குரல், தாழ்ப்பாள் இரும்பில் உரசும் ஒரு சின்னக் கிறீச். வகுப்பில் ஒருவன், “அந்தத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் யாரோ வரப்போறாங்கன்னு தோணுச்சு” என்றான். இன்னொருத்தி, “எனக்கு யாரோ போயிட்டாங்கன்னு தோணுச்சு” என்றாள். எடுத்தவள் எதுவும் சொல்லவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த வடிவத்தில் அந்தக் கிறீச் மட்டும் இடம் மாறி, நீரின் மேலும் புடவையின் மேலும் கேட்டது. படம் பாதியாகச் சுருங்கியிருந்தது. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

டெரனின் படம் 1943-ல் ஒலி இல்லாமல்தான் வந்தது. டெய்ஜி இட்டோவின் இசை 1959-ல்தான் சேர்ந்தது. மௌனமும் ஒரு தேர்வு என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மற்றச் சில்லறை விஷயங்கள்: கறுப்பு வெள்ளை, ஸ்லோ மோஷன், வெட்டுக்கு வெட்டு டிசால்வ், மென்பொருளில் ஒரு சொடுக்கில் கிடைக்கும் ‘கிளிட்ச்’. இவற்றைத் தடை செய்யத் தேவையில்லை. அவற்றை நீக்கிய வடிவத்தையும் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் அவர்களே முடிவெடுப்பார்கள். கைபேசித் திரையில் பார்த்துக் கருத்துச் சொல்வதை மட்டும் தடை செய்ய வேண்டும். ஒளியும் நிழலும்தான் பொருள் என்றான படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கையளவில் பார்த்தால் பாதிப் படம் கண்ணுக்கே வராது.

இதெல்லாம் வெளிநாட்டு மோகம் என்று ஒரு முணுமுணுப்பு துறைக் கூட்டங்களில் எப்போதும் எழும். சரித்திரம் அப்படி இல்லை. திரையரங்கில் முக்கியப் படத்துக்கு முன் கட்டாயமாகக் காட்டப்பட்ட செய்திப் படங்களால் நமக்குத் தெரிந்த அதே ஃபிலிம்ஸ் டிவிஷன், ஓர் அரசுத் துறை, 1960-களின் நடுவில் ழான் பவ்னாகரி போன்றவர்கள் பொறுப்பில் இருந்தபோது பரிசோதனைகளுக்குக் கதவைத் திறந்தது. ஓவியர் எம்.எஃப். ஹுசைன் ராஜஸ்தானில் குடை, லாந்தர், செருப்பு என்று பொருள்களை வைத்து, வசனமே இல்லாமல் எடுத்த ‘த்ரூ த ஐஸ் ஆஃப் எ பெயின்டர்’ 1967-ல் பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி விருதை வென்றது. பிரமோத் பதி 1968-ல் ‘எக்ஸ்ப்ளோரர்’ எடுத்தார். நடனம், இயந்திரங்கள், சடங்குகள் எல்லாம் கண் சிமிட்டும் வேகத்தில் மோதும் படம். ஓவியர் தையப் மேத்தாவின் ‘கூடல்’ 1970-ல் வந்தது. புணே திரைப்படக் கல்லூரியில் படித்த அமித் தத்தாவின் ‘க்ரமஷா’ 2007-ல் ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழாவில் விமர்சகர்களின் விருதைப் பெற்றது. இவற்றை வகுப்பில் காட்டாமல், இப்படிப்பட்ட படம் எடுத்து வரும் பிள்ளையிடம் ‘இது எந்த வகையிலே சேரும்?’ என்று கேட்பது நியாயமில்லை.

மதிப்பெண்ணும் ஒரு சிக்கல்தான். மதிப்பீட்டுப் படிவத்தில் கதை, திரைக்கதை, நடிப்பு என்று கட்டங்கள் இருந்தால், புறத் தேர்வாளர் பாவம் என்ன செய்வார்? நடிகரே இல்லாத படத்துக்கு நடிப்புக்கு எத்தனை போடுவது? துறைகள் அந்தக் கட்டங்களை மாற்ற முடியும். வரிசை, தாளம், ஒலி, தேர்ந்தெடுத்த விதியை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறார் என்று கேட்கலாம். வெட்டுகளை ஏன் அந்த இடங்களில் வைத்தார் என்று மாணவர் பேசுவதைக் கேட்டும் மதிப்பிடலாம்.

அதைவிட அவசரமானது, கருத்துச் சொல்லும் நாள். இப்போது பெரும்பாலான இடங்களில் படம் சமர்ப்பிக்கப்பட்ட பிறகு, வைவா அன்றுதான் எல்லோரும் முதல் முறையாகப் பார்க்கிறார்கள். அன்று சொல்லும் எந்தக் கருத்தாலும் ஒரு ஷாட்கூட நகரப் போவதில்லை. மாணவர் தற்காத்துக்கொள்வார், நாம் தாக்குவோம், அவ்வளவுதான். சமர்ப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால், ஜன்னல்களை மூடி, எல்லா ரஃப் கட்களையும் பெரிய திரையில் போட ஒரு நாளை ஒதுக்குங்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஆளுக்கு ஒரு தாள். எந்த நிமிடத்தில் என்ன பார்த்தேன், எங்கே கவனம் போனது, எங்கே திரும்பி வந்தது என்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். அந்தத் தாள்களை அப்படியே படம் எடுத்தவரிடம் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.