ரூட்டர் மேசை: வீட்டிலேயே செய்யலாம்

குறுகலான சட்டத்தின் மேல் ரூட்டர் மெஷினை வைத்து ஓட்டினால் அது சாயும். மெஷினைப் பலகைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி, மரத்தை மேலே நகர்த்துவதே ரூட்டர் மேசை.

18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டினால் தொய்யாத மேற்பலகை கிடைக்கும். மெஷின் பொருந்தும் இடத்தை மட்டும் அடியில் குடைந்து மெலிதாக்குங்கள். நேரான கட்டையைப் பிட்டுக்குப் பின்னால் கிளாம்பால் இறுக்கினால் அதுவே தடுப்பு. மிச்சமாகும் பணத்தில் வேகத்தைக் குறைக்கும் வசதியுள்ள மெஷின் வாங்குங்கள். பெரிய பிட்டுக்கு அது அவசியம்.

மரத்தை வலமிருந்து இடமாகவே தள்ளுங்கள். பிட்டுக்கும் தடுப்புக்கும் நடுவே ஒருபோதும் நுழைக்காதீர்கள்; மரம் பிடுங்கப்பட்டு, விரல் பிட்டில் படும். சிறு துண்டுகளைக் கட்டை கொண்டே தள்ளுங்கள். பிட் மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். உழைப்பவருக்கு விரல்களே மூலதனம்.