கோவில்பட்டியில் ஒரு லொக்கேஷன் பார்ப்போமா?

(எபிசோடின் பேச்சு, வாசிப்பதற்கு ஏற்றபடி சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடை ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். உலகப் புகழ்பெற்ற படங்களை எடுத்த இடங்களைப் பார்க்க, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு வைங்க. அங்க அவங்க எதைப் பார்க்கணும்? செல்ஃபி எடுத்துட்டு வந்தா போதுமா?

இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. 2022-ல் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை, அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் திரையிடுற திட்டத்தை ஆரம்பிச்சது. 6-ம் வகுப்பிலிருந்து 9-ம் வகுப்பு வரை படிக்கிறவங்களுக்கு. படம் முடிஞ்சதும் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசணும், எழுதணும். மாநில அளவில் தேர்வாகிற 15 பேரை, உலக சினிமாவைத் தெரிஞ்சுக்க வெளிநாடு அழைச்சிட்டுப் போவோம்னு அறிவிச்சாங்க. முதல் படம் சார்லி சாப்ளினோட 'தி கிட்'.

நல்ல திட்டம். ஆனா 15 பேர்தான் விமானம் ஏற முடியும். அதே படத்தைப் பார்த்த மத்த லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு என்ன இருக்கு? அதுக்காகத்தான் இன்னைக்குக் கோவில்பட்டி பக்கம் போறோம்.

கதையோட ஊர் வேற, படம் எடுத்த ஊர் வேற

லொக்கேஷனைப் பற்றித் தெரிஞ்சுக்க வேண்டிய முதல் விஷயம் இது. 1921-ல் வந்த 'தி கிட்' படத்துல ஒரு ஏழைத் தெரு வரும். சாப்ளின் லண்டன்ல வறுமையில வளர்ந்தவர். அந்த நினைவுகள் படத்துல இருக்கு. ஆனா படம் எடுத்தது அமெரிக்காவுல, லாஸ் ஏஞ்சலீஸ்ல. 1957-ல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' தாய்லாந்துல நடக்கிற கதை. பாலத்தைக் கட்டி வெடி வெச்சுத் தகர்த்தது இலங்கையில, கித்துள்கல பக்கம், களனி ஆத்துல.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. 1959-ல் பி.ஆர். பந்துலு இயக்கத்துல 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. கதை நடக்கிற பாஞ்சாலங்குறிச்சி, கோவில்பட்டிக்குக் கிழக்கே ஓட்டப்பிடாரம் பக்கம். கட்டபொம்மனைத் தூக்குல போட்ட கயத்தாறு, கோவில்பட்டிக்குத் தெற்கே. ஆனா போர்க் காட்சிகளை எடுத்தது ராஜஸ்தான்ல, ஜெய்ப்பூர்ல!

ஏன் அவ்வளவு தூரம்? பாஞ்சாலங்குறிச்சியில படம் பிடிக்கக் கோட்டையே இல்லை. 1801 போருக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அதை இடிச்சுத் தரைமட்டமாக்கிட்டாங்க. ராஜஸ்தான்ல கோட்டையும் இருக்கு, குதிரைகளும் கிடைக்கும். ஆக, தமிழ்நாட்டு ஜனங்க மனசுல பதிஞ்ச அந்தப் போர்க்களத்து மண், கரிசல் மண் இல்லை.

அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தாங்க?

சினிமாக்காரங்க 'லொக்கேஷன் பார்க்கப் போறோம்'னு சொன்னா அழகான இடம் தேடுறாங்கன்னு நாம நினைப்போம். அவங்க கேட்கிற கேள்விகள் வேற. வெயில் எத்தனை மணி வரைக்கும் நிக்கும்? மழை எந்த மாசம்? லாரி உள்ள வருமா? யூனிட் எங்க தங்கும்? யார்கிட்ட அனுமதி வாங்கணும்? ஃபிரேம்ல கரண்ட் கம்பம் வருதா?

ஸ்பெயின்ல அல்மெரியா பக்கம் தபெர்னாஸ்னு ஒரு வறண்ட பகுதி இருக்கு. மழை ரொம்பக் கம்மி. விவசாயத்துக்கு அது கஷ்டம். ஆனா 1960-களில் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே அங்க வந்து, அமெரிக்க கௌபாய் கதைகளை எடுத்தார். வருஷம் பூரா வெயில், கண்ணுக்கு எட்டுற வரை வெட்டவெளி, அமெரிக்காவைவிடக் குறைஞ்ச செலவு. 1965-ல் வந்த 'ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்' படத்துக்காக அங்க ஒரு கௌபாய் ஊரையே செட் போட்டாங்க. அது இன்னைக்கும் சுற்றுலாத் தலமா நிக்குது. ஒரு ஊர் எதை 'ஒண்ணும் விளையாத பூமி'ன்னு சொல்லுதோ, அதுவே கேமராவுக்கு வசதியா இருக்கலாம்.

கரிசலைப் படம் பிடிக்கிறது எப்படி?

இதை நீங்களே செஞ்சு பார்க்கலாம். கோவில்பட்டி பக்கம் ஒரு உழுத கரிசல் காட்டுல நின்னு, போன் கேமராவுல மண்ணைத் தொட்டு ஃபோகஸ் பண்ணுங்க. கருப்பு மண் சாம்பல் நிறத்துக்கு மாறும், வானம் வெளுத்துப் போகும். காரணம், தன் முன்னால இருக்கிறது நடுத்தர வெளிச்சத்துல இருக்கணும்னு கேமரா கணக்குப் போடுது. கருப்பைப் பார்த்ததும் 'வெளிச்சம் பத்தலை'ன்னு நினைச்சுத் தானா கூட்டிடுது. எக்ஸ்போஷரை நீங்க கையால குறைச்சாத்தான் கருப்பு கருப்பா நிக்கும். ஆனா அப்பக் கருப்பு மண்ணுல நிக்கிற கருத்த மனுஷரோட முகம் இருட்டாகிடும். ஒரு வெள்ளைத் துணியையோ தெர்மாகோல் அட்டையையோ பிடிச்சு முகத்துல வெளிச்சம் கொடுக்கணும். ஒளிப்பதிவோட முதல் பாடம் இது. அதுக்கு லண்டன் போக வேண்டாம்.

அடுத்தது பருவம். ஐப்பசி, கார்த்திகையில மழை விழுந்தா கரிசல் பசை மாதிரி ஆகிடும். செருப்புல அப்பும், வண்டிச் சக்கரம் புதையும். அந்த நேரத்துல ஜெனரேட்டர் வண்டியை வயலுக்குள்ள கொண்டுபோகவே முடியாது. மார்கழி, தையில உளுந்து, பாசி, மக்காச்சோளம்னு காடே பச்சையா இருக்கும். சித்திரையில அதே நிலம் வெடிச்சு, கை நுழையிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். ஒரே காட்சியைப் பாதி தையிலயும் பாதி சித்திரையிலயும் எடுத்தா ரெண்டும் ஒட்டவே ஒட்டாது. கன்டின்யூட்டின்னா என்னன்னு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

யூனிட் கிளம்பின பிறகு

நியூசிலாந்துல மட்டமட்டா ஊர் பக்கம் ஒரு ஆட்டுப் பண்ணை. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்துக்கு இடம் தேடினவங்க 1998-ல் வானத்துல இருந்து பார்த்துக் கண்டுபிடிச்சது. முதல்ல போட்டது தற்காலிக செட்தான், படம் முடிஞ்சதும் பெரும்பகுதியைப் பிரிச்சிட்டாங்க. மிச்சம் கிடந்ததைப் பார்க்கவே கூட்டம் வந்தது. அதனால 'தி ஹாபிட்' படத்துக்கு மறுபடி கட்டினப்ப நிரந்தரமாவே கட்டினாங்க. இன்னைக்கு அதுதான் ஹாபிட்டன்.

நம்ம பக்கமும் ஒரு உதாரணம் இருக்கு. கட்டபொம்மனா நடிச்ச சிவாஜி கணேசன், கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தைச் சொந்தப் பணத்துல வாங்கி, அங்க சிலை வெச்சார். படத்தை அங்க எடுக்கலை, ஆனா படத்தோட அடையாளம் அங்க நிக்குது. 'ஷூட்டிங் முடிஞ்சா ஊருக்கு என்ன மிச்சம்?' இந்தக் கேள்வியை லொக்கேஷன் பார்க்கப் போற மாணவர் மறக்கக் கூடாது.

யார் கையில கேமரா?

உண்மையான விஷயம் இங்கதான் இருக்கு. தமிழ் சினிமாவுல தென்மாவட்டம்னாலே பெரும்பாலும் அருவா, சுமோ, பழிவாங்கல். வெளியில இருந்து வர்றவங்களுக்கு அது ஒரு ரெடிமேட் லொக்கேஷன். ஆனா இதே மண்ணுல பிறந்த எழுத்தாளர் பூமணி, கேமராவுக்குப் பின்னாடி நின்னப்ப 'கருவேலம் பூக்கள்' எடுத்தார். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தயாரிச்ச படம். தீப்பெட்டித் தொழில்ல வேலைக்குப் போற குழந்தைகளைப் பற்றியது. இடைசெவல்ல பிறந்த கி. ராஜநாராயணனோட 'கிடை' குறுநாவலை, அம்ஷன் குமார் 2003-ல் 'ஒருத்தி'யா எடுத்தார். அதுல ஆட்டுக்கிடை போடுறவங்க வாழ்க்கை வரும். பூமணியோட 'வெக்கை'தான் வெற்றிமாறன் கையில 2019-ல் 'அசுரன்' ஆச்சு.

அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் தங்க ஊரைத் திரையில அருவாளோட மட்டுமே பார்த்து வளர்ந்தா, சொல்லத் தகுந்த கதை வேற எங்கயோ இருக்குன்னு நம்பிடுவாங்க. அப்புறம் வெளிநாடு போனாலும் வாயைப் பிளந்து பார்த்துட்டுத் திரும்பத்தான் முடியும்.

ஒரு நாள் போதும்

நம்ம யோசனை இதுதான். கோவில்பட்டியில ஒரு வேனைப் பிடிங்க. தேசிய நெடுஞ்சாலை 44-ல் தெற்கே போனா முதல்ல இடைசெவல், அடுத்து கயத்தாறு. திரும்பி வந்து கிழக்கே போனா எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி. ஒவ்வொரு இடத்துலயும் நாலு கேள்வி. இங்க எந்தக் கதையை எடுக்கலாம்? எந்த மாசம், எத்தனை மணிக்கு எடுக்கணும்? யார்கிட்டக் கேட்கணும்? நாம போன பிறகு இவங்களுக்கு என்ன மிஞ்சும்?

இந்த நாலுக்கும் பதில் எழுதிப் பழகின பிள்ளை, விமானம் ஏறி ஹாபிட்டன் போனா 'சூப்பரா இருக்கு'ன்னு மட்டும் சொல்லாது. 'இதை ஏன் இங்க கட்டினாங்க?'ன்னு கேட்கும். விமானம் கிடைக்காத பிள்ளைக்கும் அந்தக் கேள்வி கையில இருக்கும், கூடவே படம் எடுக்க ஒரு ஊரும் இருக்கும்.

உங்க ஊர்ல ஒரு லொக்கேஷன் பார்த்துட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.