கர்ப்பிணிகளும் இரும்பு மாத்திரையும்

கருவுற்ற காலம் முழுவதிலும் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. சிசுவும் நச்சுக்கொடியும் ஒரு பங்கைப் பெறுகின்றன. பெரும் பங்கு தாயின் உடலில் பெருகும் இரத்தத்துக்கே செல்கிறது. தானியத்தையே பெரிதும் நம்பியுள்ள உணவிலிருந்து இவ்வளவு இரும்பைப் பெறுதல் அரிது. இதனை முன்னிட்டே மத்திய அரசு 1970-ஆம் ஆண்டில் இரத்த சோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறைப்படி, நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒரு சிவப்பு மாத்திரை வீதம் 180 நாட்களுக்கு வழங்கப்படுகிறது. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உள்ளன.

ஆயினும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளுள் 52.2 சதவீதத்தினர் சோகையுற்றிருந்தனர், மகாராஷ்டிரத்தில் 45.7 சதவீதம். முந்தைய பேறுகாலத்தில் 180 நாட்களும் மாத்திரை உட்கொண்ட தாய்மார் நாடு முழுவதிலும் 26 சதவீதத்தினரே. உபாதை தாளாமல் பாதியில் நிறுத்துவோர் பலர். இதற்குப் பெண்களைக் குறை கூறுவது எளிது. உபாதை இன்னதென்று முன்கூட்டிச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் கையில் கொடுப்பதே பெரிய குறை.

மாத்திரையிலுள்ள இரும்பில் சிறு பகுதியையே குடல் ஏற்கிறது. எஞ்சியது குடலிலேயே தங்குவதால் குமட்டல், வயிற்றெரிச்சல், மலச்சிக்கல் ஆகியவை உண்டாகின்றன. மலம் கறுப்பதும் இதனாலேயே. அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை. தார் போல் பிசுபிசுத்து, வயிற்று வலியும் சேர்ந்தால் மட்டும் மருத்துவரிடம் உடனே காட்டுதல் வேண்டும்.

வெறும் வயிற்றில் இரும்பு நன்கு சேரும். குமட்டுமாயின் உணவுக்குப் பின்னரோ, இரவு படுக்கப் போகும் முன்னரோ உட்கொள்ளலாம். அதனால் சேரும் அளவு சற்றுக் குறையும்; முற்றும் நிறுத்துவதால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அது அற்பம். தேநீர், காபி, பால் ஆகியவற்றுடன் மாத்திரையை விழுங்கலாகாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி தேவை. எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் இரும்பு சேர உதவுகின்றன. மலச்சிக்கலுக்கு மிகுந்த நீரும், கீரையும் பழமும், சிறிது நடையும் நலம் தரும். இவற்றுக்கும் அடங்காவிடில் மருத்துவர் மருந்தின் வகையையோ அளவையோ மாற்றுவார். தேவையாயின் நரம்பு வழி ஊசியாகவும் செலுத்துவார்.

சர்க்கரைப் பூச்சுள்ள இச்சிவப்பு மாத்திரை சிறுவர் கண்ணுக்கு மிட்டாயாகத் தோன்றும். சில மாத்திரைகளே குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், அதை எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும்.