எட்டு வித்துப் பை

கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பிய பிறகு வயலில் மிஞ்சுவது சோகை. அதைக் கொளுத்திவிட்டுக் கட்டைக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் பல ஊர்களில் உண்டு. தீ ஓய்ந்து, சாம்பல் நனைந்து, சில நாள் கழிந்தபின் அந்த வயலுக்குள் இறங்கிப் பாருங்கள். கருகிய கட்டைகளின் வெட்டு வாயில் ஆரஞ்சுச் சுளை நிறத்தில் மாவு பூத்திருப்பதைக் காண வாய்ப்பிருக்கிறது. தொட்டால் விரலில் ஒட்டும். ஊதினால் புகைபோல் பறக்கும். எல்லாம் செத்தது என்று நாம் நினைக்கும் இடத்தில், தீயையே அழைப்பாகக் கொண்டு எழுந்த உயிர் அது. பெயர் நியூரோஸ்போரா.

இந்தப் பூஞ்சைக்கு இரண்டு வகை வித்துகள். ஆரஞ்சு மாவு ஒரு வகை: லேசானது, காற்றில் பரவுவது, சீக்கிரம் முளைப்பது. இன்னொரு வகை கறுப்பு: தடித்த ஓடு, மேலே நரம்புபோல் வரிகள். அந்த நரம்பு வரிகளால்தான் 'நியூரோ' என்ற பெயரே வந்தது. கறுப்பு வித்து மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். ஆய்வுக்கூடத்தில் அதை எழுப்ப 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் வைப்பார்கள். வயலில் அந்த வேலையைத் தீ செய்துவிடுகிறது. வெந்த கரும்பிலிருந்து வரும் ஃபர்ஃபுரால் என்ற வேதிப்பொருளும் அதை உசுப்பும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரமேஷ் மகேஸ்வரி இந்தப் பூஞ்சையின் வாழ்க்கையைக் கரும்பு வயலுக்கே போய் ஆராய்ந்தவர்.

அந்தக் கறுப்பு வித்துகள் உருவாகும் இடம்தான் நம் கதையின் மையம். கண்ணுக்குத் தெரியாத நீளமான ஒரு பை. அதற்குள் அவரைக்காயில் பருப்பு அடுக்கியதுபோல் வரிசையாக எட்டு வித்துகள். இரண்டு பூஞ்சை இழைகள் கூடி, அவற்றின் மரபுப் பொருள் கலந்து, பின் பிரிந்து நான்காகி, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாவதால் எட்டு. இப்படிப் பைக்குள் வித்து வைக்கும் பூஞ்சைகளுக்கெல்லாம் பைப்பூஞ்சைகள் என்று பெயர். பூஞ்சை உலகின் மிகப் பெரிய குலம் இதுதான். பெயரிடப்பட்ட இனங்களே 60 ஆயிரத்துக்கு மேல். கள்ளைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் இந்தக் குலம். பெனிசிலின் தந்த பூஞ்சையும், வேர்க்கடலையில் நஞ்சு சேர்க்கும் மஞ்சள் பூஞ்சணமும் இந்தக் குலமே.

எட்டு என்ற அந்த வரிசை அறிவியலுக்குப் பெரிய கொடையானது. பெற்றோர் இருவரின் குணங்கள் பிள்ளைகளுக்கு எப்படிப் பிரிந்து போகின்றன என்பதை, பையைத் திறந்து, நான்குக்கு நான்கு என்று எண்ணியே பார்த்துவிடலாம். ஜார்ஜ் பீடில், எட்வர்ட் டேட்டம் இருவரும் 1941-ல் நியூரோஸ்போராவை வைத்துத்தான் ஒரு மரபணு ஒரு நொதியை ஆள்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். 1958-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. கரும்புக் கட்டையில் மாவாகப் பூக்கும் இந்தப் பூஞ்சைதான் நவீன மரபியலின் வாசலைத் திறந்தது.

பைப்பூஞ்சைக் குலத்தின் பல முகங்களை ஒரே நடையில் பார்க்க, தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டியைப்போல் வாய்ப்பான இடம் அமைவது அரிது. ஒரு பக்கம் சேர்வராயன் மலை. அந்த மலையில் பிறக்கும் வாணியாறு அடிவாரத்தில் அணைக்கட்டில் தேங்கி, பிறகு தென்பெண்ணையைத் தேடிப் போகிறது. கீழே கரும்பு, மஞ்சள், நெல். மேலே பாறையும் மரமும். ஒவ்வொன்றிலும் ஒரு பைப்பூஞ்சை குடியிருக்கிறது.

கரும்பில் குடியிருப்பது கொடியது. செவ்வழுகல் என்று விவசாயிகள் அஞ்சும் நோய். மேலே மூன்றாவது, நான்காவது இலை மஞ்சளாகிக் காயும். சந்தேகப்பட்டுக் கரும்பை நெடுக்கே பிளந்தால் உள்ளே சிவப்பு. அந்தச் சிவப்பின் குறுக்கே வெள்ளைத் திட்டுகள். புளித்த சாராய வாடை. காரணமான பூஞ்சை கொலிட்டோட்ரைக்கம் ஃபல்கேட்டம். 1893-ல் ஜாவாத் தீவின் கரும்பில் வென்ட் என்ற டச்சு அறிஞர் அதை இனம் கண்டார். 'ஃபல்கேட்டம்' என்றால் அரிவாள் வடிவம். கரும்பு வெட்டும் அரிவாளைப் போலவே வளைந்த வித்து அதற்கு.

சிவப்பு நிறம் பூஞ்சையின் நிறம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது கரும்பின் போராட்டம். பகை உள்ளே நுழைந்ததும் கரும்பு தானே சில நிறமிகளைச் சுரந்து அதைத் தடுக்கப் பார்க்கிறது. எதிர்த்து நிற்கும் ரகம் இந்த வேலையைச் சட்டென்று, நுழைந்த இடத்திலேயே செய்து முடிக்கும். தோற்கும் ரகத்தில் சிவப்பு தண்டெல்லாம் பரவும். ஆனால் காலம் கடந்திருக்கும். அதற்குள் பூஞ்சை சர்க்கரையை உடைத்துவிடும்; உடைந்த சர்க்கரை ஆலையில் பரலாகாது.

1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பூஞ்சையோடு மனிதர்கள் ஓட்டப்பந்தயம் ஓடுகிறார்கள். தமிழ்நாட்டில் சர்க்கரைச் சத்துக்குப் பேர்போன கோ.க. 671 செவ்வழுகலுக்கு இரையானது. அண்மைக் காலத்தில் உத்தரப்பிரதேசத்தின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதியை ஆண்ட கோ 0238 ரகமும் அதே வழியில் சரிந்தது. ஒரே ரகம் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும்போது, அதன் பூட்டைத் திறக்கும் ஒரு சாவி பூஞ்சைக்குக் கிடைத்தால் போதும்; எல்லா வீடும் திறந்துகொள்ளும்.

அடுத்த வரப்பில் மஞ்சள். ஐப்பசி, கார்த்திகையின் குளிர் ஈரத்தில் இலையில் இரண்டு விதமான அடையாளங்களைப் பார்க்கலாம். நடுவில் சாம்பல் நிறமும் சுற்றிலும் மஞ்சள் வளையமுமாகப் பெரிய புள்ளி என்றால் அது இலைப்புள்ளி நோய். கரும்பைக் கெடுத்த பூஞ்சையின் பங்காளி செய்வது. சின்னச் சின்னதாக, நெருக்கமாக, இலையே தீய்ந்ததுபோல் ஆகிவிட்டால் அது இலைக்கருகல். அதைச் செய்வது டாஃப்ரினா மேக்குலன்ஸ். 1911-ல் பட்லர் என்ற பூஞ்சையியல் அறிஞர் இந்தியாவில் பணியாற்றியபோது பெயரிட்டது. மற்றப் பைப்பூஞ்சைகளில் பல தங்கள் பைகளைக் குடுவைக்குள்ளோ கிண்ணத்திலோ பத்திரமாக வைக்கும். டாஃப்ரினாவுக்கு அப்படி வீடே கிடையாது. பைகளை இலையின் தோல்மேலேயே திறந்தவெளியில் நிறுத்திவிடும்.

நெல்லில் குலை நோய். அதன் வித்து இலையில் இறங்கி, முளைத்து, நுனியில் கறுப்பாக ஒரு கும்மட்டத்தை எழுப்பும். உள்ளே கிளிசரால் சேரச் சேரத் தண்ணீர் உறிஞ்சி அழுத்தம் ஏறும். கார் டயரின் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு வரை. அந்த அழுத்தத்தில் ஊசி போன்ற ஒரு முளை இலைத் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. தலைமுடியைவிட மெல்லிய உடம்பில் இவ்வளவு வலிமை.

வித்தை எறிவதிலும் இதே வலிமைதான். கோதுமைக் கதிரைத் தாக்கும் ஒரு பைப்பூஞ்சையை அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். தண்ணீரால் விம்மிய பை வெடித்து வித்து வெளியேறும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 8 லட்சம் மடங்குக்கும் மேல். அவ்வளவு வேகத்தில் கிளம்பியும் வித்து போய்ச் சேரும் தூரம் சில மில்லிமீட்டர்தான். அந்தத் தூரமே அதற்குப் போதும்: அசையாத காற்றைத் தாண்டிவிட்டால் பிறகு காற்றே சுமந்து போகும்.

இனி மலையேறுவோம். ஏற்காட்டை நோக்கி ஏற ஏறக் காற்று குளிரும். பாறையில் வட்ட வட்டமாகச் சாம்பல், மஞ்சள், பச்சைத் திட்டுகள். மரப்பட்டையில் சுருண்ட காகிதம் போன்ற மடல்கள். இவை லைக்கன்கள். பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் போடுகிற கல்பாசி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. பச்சையாக முகர்ந்தால் மண்வாடை மட்டும். எண்ணெயில் விழுந்த நொடியில் மணம் வீடெல்லாம் நிறையும்.

கல்பாசி என்ற பெயரை யார் வைத்தார்களோ, பாதி உண்மையைப் பிடித்துவிட்டார்கள். அந்த மடலின் பெரும்பகுதி பைப்பூஞ்சை. அதன் நூல்களுக்கு நடுவே ஒரு மெல்லிய அடுக்காகப் பச்சைப் பாசி உண்மையாகவே இருக்கிறது. பாசி வெயிலில் உணவு சமைக்கிறது. பூஞ்சை வீடு கட்டி, ஈரம் பிடித்து, பாறையைப் பற்றிக்கொள்கிறது. 1867-ல் ஸ்விட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டெனர் இதை அறிவித்தபோது லைக்கன் அறிஞர்களில் பலர் ஏற்கவில்லை. ஒரு செடி என்று தாங்கள் வாழ்நாளெல்லாம் நம்பியதை இரண்டு உயிர்களின் குடித்தனம் என்று ஒருவர் சொன்னால் எளிதில் மனம் ஒப்புமா? இன்று உலகில் சுமார் 20 ஆயிரம் லைக்கன் இனங்கள் தெரியும். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பூஞ்சைப் பங்காளி பைப்பூஞ்சைதான். இந்தியாவில் இவற்றைத் தேடித் தொகுத்துப் பெயரிட்டதில் லக்னோவின் டி.டி. அவஸ்தி முன்னோடி. பள்ளி ஆய்வுக்கூடத்தில் அமிலத்தில் சிவக்கும் லிட்மஸ் தாளின் சாயமும் லைக்கனிலிருந்து எடுத்ததே.

லைக்கனின் மடலில் சின்னக் கிண்ணங்கள் இருக்கும். அவற்றுக்குள்ளும் அதே பைகள். பெரும்பாலும் அதே எட்டு. அங்கிருந்து பறக்கும் வித்து தனியாகத்தான் போகிறது. இறங்கும் இடத்தில் தனக்கேற்ற பாசியைச் சந்தித்தால்தான் அதற்கு வாழ்வு.

மலையில் துணையாகவும் வயலில் பகையாகவும் இருப்பது ஒரே குலம் என்றால், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? 1993-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு வியப்பான விடை தந்தது. வெள்ளரி, தர்பூசணி வகைச் செடிகளைக் கொல்லும் ஒரு கொலிட்டோட்ரைக்கத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் செவ்வழுகல் பூஞ்சையின் உறவு அது. அதன் ஒரே ஒரு மரபணுவில் மாற்றம் நேர்ந்தபோது, அது செடிக்குள் நுழைந்தது, வளர்ந்தது, ஆனால் செடியைக் கொல்லவில்லை. அதோடு, கொல்ல வந்த தன் இனத்தாரிடமிருந்து செடியைக் காக்கவும் செய்தது. பகைக்கும் உறவுக்கும் நடுவே அங்கே இருந்தது ஒரு மரபணுவின் தூரம். பூஞ்சையை ஒழிக்க வேண்டிய பொருளாக மட்டும் பார்த்துப் பழகிவிட்ட நாம் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

பூஞ்சையைத் துணையாக்கிக்கொள்வது நம் விவசாயிகளில் பலருக்குக் கைப்பழக்கமாகவே வந்துவிட்டது. தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து வேரோரம் இடுகிறார்கள். மண்ணில் இருக்கும் அழுகல் பூஞ்சைகளை அது மடக்குகிறது. அந்த டிரைக்கோடெர்மாவும் பைப்பூஞ்சைதான்.

கரும்பு நடும் நாளில், கரணை வெட்டுகிறவர் ஒவ்வொரு துண்டின் வெட்டு வாயையும் ஒரு கணம் பார்க்கிறார். சிவப்புத் தெரிந்தால் அந்தக் கரணையைத் தள்ளிவிடுகிறார். வெள்ளையாக இருந்தால் நடவுக்குச் சேர்க்கிறார். செவ்வழுகலைத் தடுக்கும் முதல் வேலி இன்றும் அந்தப் பார்வைதான். அதே கரும்பு வளர்ந்து, வெட்டப்பட்டு, சோகை எரிந்தபின், அதே வெட்டு வாயில் ஆரஞ்சு பூக்கலாம். அப்போதும் ஒரு கணம் நின்று பாருங்கள். சாம்பலுக்கு அடியில் எட்டில் ஒன்றாக உறங்கிக் கிடந்த வித்து விழித்திருக்கிறது.