செசில் ஸ்டீலின் கோழிக் கொட்டகை

பதினாறடிக்குப் பதினாறடி. இவ்வளவுதான் இந்த மரக் கொட்டகை.

1923-இல் டெலவேர் மாநிலத்தின் ஓஷன் வியூ ஊரில் முட்டைக்கோழி வளர்த்துவந்த செசில் ஸ்டீல் 50 குஞ்சுகள் கேட்டிருந்தார். வந்திறங்கியவை 500. அவர் திருப்பி அனுப்பவில்லை. அன்று சந்தைக்கு வந்த கோழிக்கறி பெரும்பாலும் முட்டை ஓய்ந்த கோழியும் மிஞ்சிய சேவலும்தான். செசில் இந்தக் குஞ்சுகளைக் கறிக்கென்றே வளர்த்தார். பதினெட்டு வாரத்தில் 387 தேறின. ஒவ்வொன்றும் இரண்டு பவுண்டு எடை. பவுண்டு 62 சென்ட்டுக்கு விற்றார். குஞ்சு வளர்த்தவர்களுக்குத் தெரியும், அந்த 387-க்குப் பின்னால் எத்தனை இரவுக் காவல் இருந்திருக்கும் என்று.

மறு ஆண்டு 1,000 குஞ்சுகள் வாங்கினார். கடலோரக் காவல் படையில் இருந்த கணவர் வில்மரும் வேலையை விட்டுவிட்டுப் பண்ணைக்கு வந்தார். 1926-க்குள் 10,000 கோழிகளுக்கு இடம் கட்டினார்கள். அக்கம்பக்கத்து உழவர்களும் பின்தொடர்ந்தனர். அமெரிக்காவில் கறிக்கோழி வளர்ப்பில் ஓஷன் வியூ இருக்கும் சசெக்ஸ் மாவட்டம் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது.

1940-இல் படகு வெடித்து, கணவனும் மனைவியும் ஒன்றாக இறந்தார்கள். அவர்களுடைய இந்தக் கொட்டகை 1974-இல் அமெரிக்க வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.