கூழ் கொதிக்கும் குசினி: மன்னாரில் ஒரு காலை

"குசினிக்குள்ள வரலாமா அக்கா?" என்று கேட்டேன். "செருப்பை வாசலில விட்டுட்டு வாங்கோ" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை! பயணம் போன இடத்தில் மேசைக்கு வந்த கறியை ருசிப்பதே சந்தோஷம். அது பிறக்கும் அடுப்படியிலேயே நிற்கக் கிடைத்தால்? மன்னார்த் தீவில் ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே நடத்தும் சாப்பாட்டு இடத்தில் எனக்கு அந்த யோகம் அடித்தது.

முதல் ரகசியம் இதோ: இங்கே மெனு அட்டை கிடையாது. இன்றைக்கு என்ன சமையல் என்பதைக் கடல்தான் சொல்லும். விடியமுன்னமே வீட்டு ஐயா பேசாலைக் கரைக்குப் போய்விடுகிறார். வள்ளங்கள் வந்து சேர, மணலில் கொட்டிய மீனுக்கு அங்கேயே ஏலம் நடக்கிறது. அவர் திரும்பி வந்து பையைக் கவிழ்த்தபோது ஒட்டி, விளைமீன், இறால், கொஞ்சம் கணவாய் எல்லாம் விழுந்தன. அடியில் காலை உதறிக்கொண்டு நீலக்கால் நண்டுகள்! வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் நண்டு இதுதான். நமக்கோ கரையிலிருந்து நேரே சட்டிக்கு.

"இண்டைக்குக் கூழ்தான்" என்று அக்கா அறிவித்தார். நான் துள்ளாத குறை!

ஒடியல் கூழின் வேலை முதலே தொடங்கிவிட்டிருந்தது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா, தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. மேலே தெளிந்த நீரை அம்மம்மா நிதானமாக வடித்தார். "இந்தத் தண்ணி போனாத்தான் கசப்புப் போகும். அவசரப்பட்டா கூழ் கெட்டுப்போம், பிள்ளை." அக்கா சமைக்கலாம், பேத்தி போனில் முன்பதிவு எடுக்கலாம். மாவை வடிக்கும் உரிமை மட்டும் அம்மம்மாவுக்கு!

பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, ஒரு பிடி அரிசி. வேக நேரம் எடுப்பவை முதலில். பிறகு மீன் தலைகள், நண்டு, இறால், பயிற்றங்காய். அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் பழப்புளியும் கலந்த கரைசலோடு ஒடியல் மாவும் இறங்கியதும் பானையின் நிறமே மாறுகிறது. அக்கா அகப்பையை எடுத்துவிட்டால் கைவிடுவதில்லை, நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். கடைசியில் ஒரு கை முருங்கையிலை. ஆவி முகத்தில் அடித்தபோது புளியும் உறைப்பும் கடல்வாசமும் ஒன்றாய் ஏறின. பசி வயிற்றைக் கிள்ளியது!

இத்தாலியின் லிவோர்னோத் துறைமுகத்திலும் இப்படி ஒரு சங்கதி உண்டு. காச்சூக்கோ என்ற மீன் சாறு. பல வகை மீன்களோடு கணவாய்க் குடும்பத்தையும் தக்காளியில் வேகவைத்து, உள்ளி தேய்த்து வாட்டிய பாணின்மேல் ஊற்றுவார்கள். அகப்பட்ட மீனையெல்லாம் ஒரே சட்டியில் சேர்க்கும் கரையோரத்துப் புத்தி அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். அவர்களுக்குத் தக்காளியும் பாணும், நமக்குப் பழப்புளியும் பனையும்!

ஒரு காலத்தில் மன்னார்த் தீவு பயணிகளால் நிறைந்திருந்தது. 1914 முதல் தலைமன்னார் இறங்குதுறையில் ரயிலும் கப்பலும் கைகோத்து இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றின. அந்தக் கப்பல் போய்ச் சேர்ந்த எதிர்க்கரைத் தனுஷ்கோடியை 1964 புயல் அழித்தது. யுத்தம் 1990இல் ரயிலையும் நிறுத்தியது. தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டு, 2015இல் ரயில் திரும்பவும் தலைமன்னாரைத் தொட்டபோதுதான் ஊர் மூச்சுவிட்டது. வங்காலையின் பூநாரைகளையும் பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் பார்க்க வருகிறவர்களுக்கு இப்போது இந்த மாதிரி வீடுகள் இலை போடுகின்றன என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மத்தியானம் பேத்தி பனையோலையில் மடித்த பிளாக்களைக் கொண்டுவந்தாள். அக்கா ஊற்ற, ஐயா நண்டுக்காலைத் தேடி என் பிளாவில் போட, "சூட்டோட குடியுங்கோ" என்று அம்மம்மா உத்தரவிட, நான் உறிஞ்சினேன். என்ன ருசி! நாக்கில் உறைத்து, தொண்டையில் புளித்து, நெற்றியில் வேர்த்து... பலாக்கொட்டை ஒன்று பல்லில் மாவாய் உடைந்தபோது சிரிப்பே வந்துவிட்டது.

மன்னாருக்குப் போகிறவர்களே, கூழ் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவையுங்கள்; மா ஊற வேண்டும். இன்ன மீன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், அதைக் கடலிடம் விடுங்கள். குசினிக்குள் வரலாமா என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு பிளா கூழுக்கு விடியமுன்னம் தொடங்கி ஒரு வீட்டின் எத்தனை கைகள் ஓடுகின்றன என்று கண்ணால் பார்த்தவர், இரண்டாந்தரம் ஊற்றவரும்போது ஒருநாளும் "போதும்" என்று சொல்லமாட்டார்!